பசியும் கியூவும்

பசித்தவன் கலகம் செய்வான் என்பது நம்மிடையே கேள்விமுறையின்றிப் புழங்கிவரும் நம்பிக்கைகளுள் ஒன்று. முற்போக்கு முகாமைச் சேர்ந்தவர்கள் இதை விஞ்ஞானம் என்கிறார்கள். அதனால் அவர்களுடைய கதைகளில் மூன்றாம் பக்கத்தில் பட்டினி கிடப்பவன் ஏழாம் பக்கத்தில் கொடி பிடித்துவிடுகிறான். எதிர்முகாமினருக்கோ பசி என்பது கலைக்குச் சற்றுக் கீழான சமாச்சாரம், தினசரித்தாள்காரன் வேலை. எழுதப்போனால் பிரசாரமாகிவிடும் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரு தரப்பாரும் ஓரிடத்தில் ஒத்துப்போவதைக் கவனிக்கலாம். பசிக்கும் கலகத்துக்கும் நடுவில் விசாரிக்க ஒன்றுமில்லை என்பதே இருவரின் அபிப்பிராயமும். ஒருவர் அந்த இடைவெளியை ஒரே தாவாகத் தாண்டுகிறார். மற்றவர் அந்தப் பக்கம் போவதேயில்லை. எனக்கு அக்கறை அந்த இடைவெளியில்தான்.

அதை விசாரிக்க வங்காளத்தைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. இருபத்துமூன்று வருஷ இடைவெளியில் அங்கு இரண்டு உணவு நெருக்கடிகள் நேர்ந்தன. 1943இல் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். ஆண்டுகொண்டிருந்த அதிகாரம் அசையவில்லை. 1966இல் அதனோடு ஒப்பிடத்தக்க சாவு எதுவும் இல்லை. ஆனால் இருபது வருஷம் தொடர்ந்து ஆண்ட கட்சி மறுவருஷமே விழுந்தது. பசிதான் கலகத்தைப் பெறுகிறது என்றால் இது தலைகீழாகவல்லவா இருந்திருக்கவேண்டும்? இந்த இரு காலங்களையும், அல்லது இரண்டாவதன் பின்விளைவையும், ஒரே கலைஞர் படமாக்கியிருப்பது நமக்கு ஒரு வசதி. சத்யஜித் ராயின் 'அசனி சங்கேத்' (1973) முதலாவதைப் பற்றியது. 'பிரதித்வந்தி' (1970), 'ஜன அரண்ய' (1976) ஆகியவை இரண்டாவதன் நிழலில் நிற்பவை.

முதலில் 1943. முந்தின வருஷம் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் பர்மா அரிசி நின்றது. அதே வருஷம் அக்டோபரில் மிட்னாப்பூரில் புயல். எதிரி வந்தால் பயன்படுத்திக்கொள்வான் என்று கடலோர ஜில்லாக்களிலிருந்து அரிசியையும் படகுகளையும் அரசாங்கமே அப்புறப்படுத்தியிருந்தது. யுத்தச் செலவில் பணம் பெருகி விலை ஏறிற்று. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளருக்கும் சர்க்கார் சிப்பந்திகளுக்கும் அரிசி போய்ச்சேர ஏற்பாடு இருந்தது, கிராமத்துக்கு இல்லை. செத்தவர்கள் பதினைந்து லட்சம் என்றது சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன். பின்னால் கணக்கிட்டவர்களில் பலர் முப்பது லட்சம் வரை சொல்கிறார்கள். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில், அந்த வருஷம் வங்காளத்தில் இருந்த தானியம் இவ்வளவு பெரிய சாவை விளக்கும் அளவுக்குக் குறைந்துவிடவில்லை என்று வாதிட்டார். அதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய மற்றொரு விஷயத்தைத் தள்ளிவிட முடியாது. செத்தவர்கள் யார்? விவசாயக் கூலிகள், மீனவர்கள், நெல் குத்திப் பிழைத்தவர்கள், கைவினைஞர்கள். அரிசியின் விலை பறந்தபோது இவர்களின் கூலி நின்ற இடத்தில் நின்றது. பலருக்குக் கூலியே நின்றுபோயிற்று.

சோற்றுப் பிரச்னை வேறு, வேலைப் பிரச்னை வேறு என்று நாம் பிரித்துப் பேசுவது எவ்வளவு மேலோட்டமானது என்பது இங்கே புலனாகிறது. கூலிக்காரனுக்கு அது ஒரே பின்னம்: மேலே கூலி, கீழே அரிசி விலை. மேலே இருப்பது சுருங்கினாலும் கீழே இருப்பது பெருத்தாலும் விடை ஒன்றுதான்.

இவர்கள் நடந்து கல்கத்தா வந்தார்கள். அரிசி இருந்த கடைகளுக்கு எதிரிலேயே செத்தார்கள். அவர்கள் வீட்டு வாசல்களில் நின்று கேட்டது சோறுகூட இல்லை, வடிகஞ்சி. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும் எல்லா வங்காளிகளின் நினைவிலும் அந்தக் குரல் இருக்கிறது. அது யாரைப் பார்த்துக் கேட்ட குரல் என்பதுதான் முக்கியம். அது வீட்டுக்காரியைப் பார்த்துக் கேட்டது. தர்மத்தையும் இரக்கத்தையும் நோக்கியது. கலகத்துக்கு வேண்டிய முதல் பொருள் அதில் இல்லை: பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று ஒருவன்.

'அசனி சங்கேத்' இதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது என்பது என் கட்சி. பஞ்சத்தைப் பற்றிய படம் இவ்வளவு பச்சையாக இருக்கலாமா என்று அப்போதே குறைகூறினார்கள். கறுப்பு வெள்ளையில் எலும்புக்கூடுகளை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு வண்ணமும் தாமரைக்குளமும் உறுத்தியதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பச்சைதான் படத்தின் வாதம். வயல் காயவில்லை, வானம் பொய்க்கவில்லை. தலைக்கு மேலே விமானங்கள் கூட்டமாகப் போகின்றன, பறவைகளைப்போல அழகாகக்கூட இருக்கின்றன. யுத்தம் எங்கே நடக்கிறது என்பது கிராமத்தாருக்குச் சரியாகத் தெரியாது. அரிசி விலை மட்டும் ஏறுகிறது. கங்காசரணன் என்ற பிராமணன் தன் ஜாதியையும் எழுத்தறிவையும் வைத்துக் கொஞ்ச நாள் சமாளிக்கிறான். சுட்கி என்ற பெண், முகம் வெந்து வடுவாகிப்போன சூளைக்காரனிடம் அரிசிக்காகப் போகிறாள். தீண்டப்படாத ஜாதிக்காரி மோத்தி சாகிறாள். இந்த மனிதர்கள் யாரைக் குற்றம் சொல்வது? படத்தில் அரசாங்கம் என்ற ஒன்று முகமாகவோ குரலாகவோ வருவதில்லை. அது இல்லாதிருப்பதே அவர்களுடைய அனுபவம். ராய் ஒரு வில்லனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் நம் முற்போக்காளர்கள் திருப்திப்பட்டிருப்பார்கள், 1943 பொய்யாகியிருக்கும். கடைசியில் ஐம்பது லட்சம் பேர் மடிந்ததாகவும் அது மனிதன் செய்த பஞ்சம் என்றும் ஓர் அறிவிப்பு வருகிறது. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. படத்தின் மனிதர்களுக்கு எட்டாத ஒரு விவேகத்தை அது பார்வையாளனுக்கு இனாமாகத் தருகிறது.

1944இல் கல்கத்தாவில் ரேஷன் வந்தது. செத்தவர்களுக்குப் பிரயோஜனமில்லை. ஆனால் பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் விதை அதில் இருக்கிறது. ரேஷன் கார்டு என்பது என்ன? குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் எத்தனை, தலைக்கு எவ்வளவு, என்ன விலை, எந்தக் கடை. பசிக்கு முதன்முறையாக ஓர் அளவும், விலாசமும், தேதியும் கிடைத்துவிடுகின்றன. நாளெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் காகிதத்தோடு காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஒரு தொகை புத்தகத்தில் ஏறாதவரை கேட்பவன் யாசகன். ஏறிவிட்டால் தராதவன் கடனாளி. வடிகஞ்சி கேட்டவனுக்கும் கார்டை நீட்டுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வயிற்றின் காலி ஒன்றேயாக இருக்கலாம். நிற்கிற தோரணை வேறு.

கார்டு கியூவைக் கொண்டுவந்தது. இதன் முக்கியத்துவத்தை நாம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் பசி என்பது அவமானம். அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாதது. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தில் டில்லியில் வேலையில்லாமல் கிடக்கும் தமிழ் வாலிபர்கள், பக்கத்தில் இருக்கும் பெண்ணின் காதில் விழவேண்டுமென்று, காலித்தட்டுகளை வைத்துக்கொண்டு சாப்பிடுவதாகப் பாவனை செய்யும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் படத்தில் உண்மை தொட்ட இடம் அதுதான். அந்தக் காட்சி இருக்கும் படத்துக்கு அந்தத் தலைப்பு பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். மறைத்துவைத்த பசிக்குச் சிவப்பு நிறம் ஏறுவதில்லை. கதாநாயகன் கடைசியில் கத்தரிக்கோல் எடுத்து நாவிதனாகிறான். நேர்மையான முடிவு, ஆனால் தலைப்பு வாக்களித்த முடிவு இல்லை. கியூவில் அவமானம் செல்லாது. முன்னால் நிற்பவனும் பின்னால் நிற்பவனும் அதே காலிப் பையோடு நிற்கிறார்கள். 'ஸ்டாக் இல்லை' என்று கதவு சாத்தப்படும்போது அது எல்லோருக்கும் ஒரே நிமிஷத்தில் சாத்தப்படுகிறது. கட்சிக்காரன் வந்து கூட்டம் சேர்க்கவேண்டியதில்லை; கூட்டத்தை அரசாங்கமே சேர்த்து வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறது.

1959 ஆகஸ்ட் 31ஆம் தேதி கல்கத்தாவில் உணவு கேட்டுச் சென்ற ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. இயக்கத்தார் கணக்கில் எண்பது பேர் செத்தார்கள். 1965இல் கல்கத்தாவும் சுற்றுப்புறத் தொழில் நகரங்களும் முழு ரேஷனின் கீழ் வந்தன. பிரபுல்ல சந்திர சென்னின் அரசாங்கம் விவசாயிகளிடமிருந்து லெவி நெல் பிடித்தது. அரிசி ஜில்லா விட்டு ஜில்லா போகத் தடை போட்டது. மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நம்பி நாடு நாளை ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியாயிற்று. அந்த வருஷம் பிப்ரவரியில் பஷீர்ஹாட் பகுதியில் அரிசியும் மண்ணெண்ணெயும் கேட்டுக் கிளம்பிய கூட்டத்தின்மீது சுட்டதில் ஒரு பள்ளி மாணவன் செத்தான். அது மாநிலம் முழுவதும் பற்றிக்கொண்டது. அரிசிக்குப் பதில் வாழைக்காய் தின்னலாமே என்று யோசனை சொன்னவராகவே அந்த முதலமைச்சர் இன்றும் நினைக்கப்படுகிறார். 1967 தேர்தலில் ஆரம்பாக் தொகுதியில் அவரே தோற்றார். ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அந்த ஆட்சியிலேயே, மே 25ஆம் தேதி, நக்சல்பாரியில் போலீஸ் சுட்டுப் பதினொரு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தவை தெரிந்தவை.

அதே தேர்தலில் இங்கே நடந்ததையும் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். மொழிப்போர் கிளப்பிய கோபம் ஒருபுறம், அரிசி மறுபுறம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. காமராஜர் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். படியரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் ஆரம்பிக்கப்பட்டது; பிற இடங்களுக்குப் போகவில்லை. வாக்குறுதி ஒரு வாக்கியமாக இல்லாமல் எண்ணாக வந்தது என்பதுதான் அதன் பலம். எண்ணைக் கேட்டவன் அதை மறக்கமாட்டான்.

இலங்கையில் இது இன்னும் பட்டவர்த்தனம். 1953இல் அங்கே பஞ்சம் எதுவும் இல்லை. கூப்பன் அரிசியின் விலை படி இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக்கப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால், அவசரநிலை, சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா ராஜினாமா. புத்தகத்தில் ஏறிய தொகையை ஒருதலையாகத் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். 1971 ஏப்ரலில் அதே தீவில் போலீஸ் நிலையங்களைத் தாக்கியவர்களில் மிகப்பலர் படித்துவிட்டு வேலையில்லாதிருந்த கிராமத்துச் சிங்கள வாலிபர்கள். இலவசக் கல்வி அவர்களுக்குக் கொடுத்த கூப்பன் செல்லாமற்போயிருந்தது. 2022இல் கொழும்பில் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் கியூ நின்றது. ஜூலையில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள், ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். அதுவரை கியூவில் நின்றறியாத மத்தியதர வர்க்கம் அந்த வருஷம் நின்றது என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பட்டம் என்பதும் ஒருவகை ரேஷன் கார்டுதான் என்றேன். 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் இரண்டு கார்டுகளும் ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் செல்லாமற்போயின. 1966க்குப் பிறகு மூன்று வருஷம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு விடுமுறை. அரசாங்கம் ரயில் வாகன்களுக்கு ஆர்டர் குறைத்ததால் ஹௌரா பக்கத்து இன்ஜினீயரிங் பட்டறைகள் படுத்தன. தாய் ரேஷன் கடையில் நிற்கிறாள். மகன் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் நிற்கிறான். 'பிரதித்வந்தி' இந்த இரண்டாவது கியூவின் படம். சுனில் கங்கோபாத்யாயவின் நாவலிலிருந்து எடுத்தது. தகப்பன் செத்ததால் வைத்தியப் படிப்பை நிறுத்திய சித்தார்த்தன் ஓர் இண்டர்வியூவுக்குப் போகிறான். கடந்த பத்தாண்டின் முக்கியமான நிகழ்ச்சி எது என்று கேட்கிறார்கள். வியட்நாம் என்கிறான். சந்திரனில் மனிதன் இறங்கியதைவிடவா? அது எதிர்பார்த்ததுதான், சாதாரண ஜனங்களின் இந்த மனத்திடம்தான் எதிர்பாராதது என்கிறான். நீ கம்யூனிஸ்டா என்று கேட்கிறார்கள்.

அரசியல் படம் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப்படுவது கடைசி இண்டர்வியூ. தாழ்வாரத்தில் புழுக்கம், நிறையப் பேர், நாற்காலிகள் போதவில்லை, ஒருவன் மயங்கி விழுகிறான். சுவரோரம் நிற்கிற அத்தனை பேரும் ஒரு கணம் எலும்புக்கூடுகளாகச் சித்தார்த்தனுக்குத் தெரிகிறார்கள். அவன் உள்ளே போய் நாற்காலி கேட்கிறான், அதட்டி அனுப்புகிறார்கள். பிறகு அவன் அறைக்குள் பாய்ந்து மேஜைகளைக் கவிழ்க்கிறான். கவனியுங்கள்: வெடித்தது வேலை கிடைக்காததற்காக இல்லை, உட்கார இடமில்லாததற்காக. துப்பாக்கியையும் புரட்சியையும் நம்பும் தம்பி துனு படத்தில் ஓரமாகவே இருக்கிறான். தத்துவத்தின்வழி கலகத்துக்கு வருகிறவன் அவன். அண்ணன் வருவது தாழ்வாரத்தின்வழி. 1943இன் எலும்புக்கூடுகள் இங்கே சட்டை போட்டு, சான்றிதழ் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கின்றன என்றுகூட ஒருவர் வாசிக்கலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். மிருணாள் சென்னின் 'இண்டர்வியூ' (1971) இதே கோபத்தை வேறுவிதமாகச் சொல்கிறது. கோட்டு சூட்டு இல்லாததால் வேலை போனவன் கடைசியில் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள்ளிருக்கும் பொம்மையின் உடையை உரித்தெறிகிறான். அதில் உடை குறியீடாகிவிட்டது. ராயின் நாற்காலி நாற்காலியாகவே இருக்கிறது. எனக்கு இதுதான் உயர்வு.

மேஜையைக் கவிழ்த்தவன் அப்புறம் எங்கே போனான்? பாலூர்காட் என்ற சிறு ஊருக்கு மருந்து விற்கும் வேலையாகப் போனான். சிறுவயதில் கேட்ட ஒரு பறவையின் குரல் அங்கே கேட்கிறது. கூடவே ஒரு சவ ஊர்வலத்தின் கோஷமும் கேட்கிறது. ராய் புரட்சியிலிருந்து நழுவிவிட்டார் என்று இதை வைத்து எழுதினார்கள். ஆனால் அந்த வருஷங்களின் சரித்திரம் ராயின் பக்கம்தான் இருக்கிறது. கியூவிலிருந்து பிறந்த கோபம் கியூவில் இடம் கிடைத்தால் அடங்கக்கூடியது. அதை இழிவாகச் சொல்லவில்லை. கடனைக் கேட்பவன் கடன் தீர்ந்தால் வீட்டுக்குப் போகிறான், அவ்வளவுதான். தீராவிட்டாலும் அவன் புரட்சிக்காரனாகத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் கல்கத்தாத் தெருக்களில் நக்சலைட்டுகளைத் தேடி வேட்டையாடிய சண்டியர்களும் வேலையில்லாத வாலிபர்கள்தாம். அவர்களுக்கும் அதே தெரு, அதே ரேஷன் கடை. வேலையின்மை கலகத்துக்கு ஆள் சேர்க்கிறது என்று எழுதுகிறவர்கள் அது கலகத்தை அடக்கவும் ஆள் சேர்க்கிறது என்ற மறுபாதியையும் எழுதவேண்டும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதுதான் 'ஜன அரண்ய'. விடைத்தாளைத் திருத்துகிறவரிடம் சரியான கண்ணாடி இல்லை; சோமநாதனின் பொடியெழுத்தை அவரால் வாசிக்க முடியவில்லை; ஹானர்ஸ் போய்விடுகிறது. இண்டர்வியூவில் சந்திரனின் எடை என்ன என்று கேட்கிறார்கள். வேலையில்லை. ஆர்டர் பிடித்துச் சரக்கு மாற்றிவிடும் தரகனாகிறான். ஒரு ஆர்டருக்காக ஒரு பெண்ணைக் கூட்டிப்போகவேண்டியிருக்கிறது. அவள் நண்பனின் தங்கை. ஆர்டர் கிடைத்துவிட்டது என்று கேட்டுத் தகப்பனார் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். நாட்டில் நெருக்கடிநிலை இருந்த காலத்தில் வெளியான இந்தப் படத்தில் யாரும் மேஜையைக் கவிழ்ப்பதில்லை. கியூ கலைந்துவிட்டது, ஒவ்வொருவனும் தனியாக, பின்வாசல் வழியாக. கலகம் எழாததன் விலை என்ன என்று காட்டிய படம் என்று இதைச் சொல்வேன். மூன்று படங்களில் மிகக் கொடூரமானதும் இதுவே.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? நம் இலக்கியத்தில் பசிக்குக் குறைவில்லை. புதுமைப்பித்தனின் 'மகாமசான'த்தில் பட்டணத்து நடைபாதையில் ஒருவன் சாகிறான். ஊர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வடிகஞ்சிக் காலத்துப் பசியின் மிக உயர்ந்த வெளியீடுகளில் அது ஒன்று. ஆனால் அதற்குப் பிறகு வந்த பசியை, அதாவது கார்டு வைத்திருக்கும் பசியை, நாம் அந்தக் கண்ணோடுதான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று விதி என்று புலம்புகிறோம். அல்லது வர்க்கம் என்று கூவுகிறோம். பாமாயிலும் பருப்பும் இந்த மாதம் வந்ததா, வரவில்லை என்று சொன்னவன் எந்தக் குரலில் சொன்னான், கேட்டவள் பையை மடித்துக்கொண்டு போனாளா அல்லது நின்றாளா என்பது நமக்கு இலக்கியமாகத் தோன்றவில்லை. சர்க்கார் வேலைக்குப் பல லட்சம் பேர் எழுதும் பரீட்சையின் வாசலில், நேரம் ஆகிவிட்டதென்று கதவு சாத்தப்படும் நிமிஷம் நமக்குக் கருவாகப்படவில்லை.

ஆட்சிகள் ஏன் கவிழ்கின்றன என்பதைச் சொல்வது எழுத்தாளன் வேலையில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தி பையை மடித்துக்கொண்டு திரும்பாமல் அங்கேயே நின்றுவிட்ட அந்த நிமிஷத்தில் அவளுக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்வது அவன் வேலைதான். அரசியல்காரனுக்கு அது தெரியாது. பொருளாதாரக்காரனின் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. மூன்றாம் பக்கத்துக்கும் ஏழாம் பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்று பக்கங்களை யாராவது எழுதினால் நான் வரிசையில் நின்று வாங்கிப் படிப்பேன்.